இறுகிப்போன ஆயில் பில்டர்: கப்பா, பெல்ட்டா, ஸ்க்ரூ டிரைவரா?

பைக்கில் ஆயில் மாற்றும்போது, ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயில் முழுக்க இறங்கிய பிறகுதான் பலருக்கும் பில்டர் அசையாது என்று தெரிய வருகிறது. அதற்கு மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக முடியாது. சேலத்துக்குள், அஸ்தம்பட்டியில் வீடு என்றால் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம். ஏற்காட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் ‘எது பலமாகப் பிடிக்கும்’ என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். ‘இது தோற்றால் அடுத்த வழிக்கு இடம் மிச்சம் வைக்குமா’ என்பதே முதல் கேள்வி.

தகர உருளையாக வந்து, திருகி மாட்டுகிற பில்டரைப் பற்றித்தான் பேச்சு. ஸ்ப்ளெண்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. டியூக்கில் மூடிக்குள் காகித பில்டர் இருக்கும், போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ராயல் என்ஃபீல்டின் 650 வண்டிகள், நிஞ்ஜா 650, ஹார்லி ஸ்ட்ரீட் 750 வைத்திருப்பவர்கள்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் போன தடவை மாட்டிய விதம். பில்டரின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடியே மாட்டினால், அது இஞ்சினின் அலுமினிய முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டதில் ரப்பர் கெட்டிப்படும். கையால் இறுக்க வேண்டியதை ஸ்பானர் போட்டு இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் வெறும் கையைத்தான் நம்புவேன். பில்டரைச் சுத்தமாகத் துடைத்து, ஆயில் படாத ரப்பர் கையுறை போட்டு, அல்லது எமரித் தாளை அதன் மேல் சுற்றிப் பிடித்துத் திருப்பலாம். பாதிக்குப் பாதி இதிலேயே வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, தகரம் நசுங்காது, பில்டரின் தலையில் இருக்கும் பட்டைகள் மழுங்காது. ஆனால் மலையிலிருந்து இறங்கிய கையோடு தொடக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் கியரில் இறங்கி வந்த வண்டியின் பெண்ட் பைப் (இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) தோலை உரித்துவிடும். நன்றாக ஆறவிட்டு, ஆயில் இளக இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தி, பைப் மறுபடி ஆறியதும் தொடுங்கள்.

கை தோற்றால் அடுத்தது கப். பில்டரின் தலைப்பக்கம் வரிசையாக இருக்கும் பட்டைகளில் அப்படியே கவிழ்ந்து உட்கார்ந்து, ராட்செட் கைப்பிடியில் திருப்பக்கூடிய வகை. என் ஓட்டு இதற்குத்தான். விசை சுற்றளவு முழுக்கச் சமமாகப் பரவுகிறது. பக்கவாட்டில் இடமே இல்லாவிட்டாலும் எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு நேராக உள்ளே போகலாம். 650 வண்டிகளில் பில்டர் இஞ்சினுக்கு முன்னால், பெண்ட் பைப்புகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் இது பெரிய வசதி. குறை ஒன்றுதான்: அளவு சரியாக இருந்தாக வேண்டும். ஜப்பானிய பைக் பில்டர்கள் பலவற்றுக்கு 65 மி.மீ., 14 பட்டை கப் பொருந்தும். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். புது பில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் லொடலொடவென்று இருந்தால் நடுவில் எமரித் தாளை மடித்து வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

முக்கியமான விஷயம், கருவிகளில் கப்பை முதலிலேயே போட வேண்டும். மற்றதெல்லாம் முயன்று பட்டையை நசுக்கிய பிறகு கப்பைத் தேடினால் அது உட்காராது. இன்னும் ஒன்று: ஆயில் இறக்குவதற்கு முன்பே கப்பை மாட்டி, பில்டர் லேசாக அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். அசைந்தால் கையால் திரும்ப இறுக்கிவிட்டு, நிம்மதியாக ட்ரெய்ன் போல்ட்டுக்குப் போகலாம். அசையாவிட்டால் ஆயில் உள்ளேயே இருக்கிறது, வண்டி ஓடும், மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

பெல்ட் ஸ்பானரில் துணி நாடா, இரும்புப் பட்டை, செயின் என்று பல வகை உண்டு. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்பது இதன் பலம். காரும் பைக்கும் வைத்திருக்கிற வீட்டில் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் உருளையைச் சுற்றி இடம் வேண்டும், கைப்பிடி ஆட இடம் வேண்டும். பைக்கில் அது அரிது. நுனியில் மாட்டினால் தகரம் உள்ளே ஒடுங்கிவிடும், அடிப்பக்கத்தை ஒட்டி மாட்டினால் உலோகம் மடிந்து கெட்டியாக இருக்கும், தாங்கும். மூன்று கால் நகம் வகையை மீட்புக்கு என்று ஒதுக்கி வையுங்கள். திருப்பத் திருப்ப இறுகிப் பிடிக்கும் என்பதால் பட்டை மழுங்கிய பில்டரையும் கழற்றும், ஆனால் தழும்பு போடாமல் விடாது.

எல்லோரும் முதலில் சொல்வது, ஸ்க்ரூ டிரைவரை பில்டரின் தகரத்தில் குத்தித் திருப்புவதை. ‘ஒரே குத்து, ஒரே திருப்பு, முடிஞ்சது தம்பி’ என்பார்கள். வருவதும் உண்டு. பிரச்சினை, பில்டர் வராதபோதுதான். ரப்பர் நிஜமாகவே ஒட்டியிருந்தால் தகரம் பனை ஓலை மாதிரி கிழிந்துகொண்டே போகும், வாஷர் மட்டும் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு கப்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கையில் மிஞ்சுவது பிசிறு நிறைந்த அடித்தட்டும் ஒழுகும் கறுப்பு ஆயிலும். இஞ்சினை ஒட்டி மிக அருகில் குத்தினால் உள்ளே இருக்கும் மரையாணியில் இடிக்கும் அபாயமும் இருக்கிறது. அதையும் தாண்டி உளியை அடித்தட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உளி ஒரு முறை வழுக்கி அலுமினிய முகத்தில் கோடு விழுந்தால், எத்தனை புது பில்டர் போட்டாலும் அங்கே கசியும். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் இந்த இரண்டும்.

எந்தக் கருவியானாலும் திசையில் கவனம் வேண்டும். பில்டரின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடமிருந்து மேல்வழியாக வலம் போனால் இறுகும், வலமிருந்து மேல்வழியாக இடம் வந்தால் கழலும். முன்னால் இருக்கிற பில்டரை வண்டியின் பின்பக்கமிருந்து கையை விட்டுத் திருப்பும்போது இது தலைகீழாகத் தெரியும். இறுகிப்போச்சு என்று சொல்லப்படுகிற சில பில்டர்கள் இப்படி இன்னும் இறுக்கப்பட்டவைதான்.

கழன்று வந்ததும் அதன் வாயைப் பாருங்கள், பழைய ரப்பர் வாஷர் அதோடு வந்திருக்கிறதா என்று. இஞ்சினில் ஒட்டி நின்றுவிட்டால், அதன் மேல் புது வாஷர் உட்கார்ந்து, ஓடும்போது ஆயில் பீய்ச்சி அடிக்கும். முன்பக்கம் கசிகிற ஆயில் பின் டயரில்தான் போய்ப் படும். இஞ்சினின் அலுமினிய முகத்தைப் பனியன் துணியால் துடைத்து, புது வாஷரில் புது ஆயிலை விரலால் தடவி, ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் விட்டு அடியில் பாருங்கள். ஊருக்குள் ஒரு சுற்று போய்வந்து மறுபடியும் பார்த்த பிறகு ஏற்காடு ரோட்டில் கோரிமேடு தாண்டி மலையேறலாம்.