நடுத்தடுப்புக் கோழிக்கூண்டு: பெரிசுகளிடம் கொத்து வாங்கும் குஞ்சுகளுக்கு உருப்படியான ஏற்பாடு

வீட்டுப் பின்புறத்தில் கோழி வளர்ப்பவர்கள் கூண்டு வாங்கப் போனால் கீரி, பூனை, தெருநாய் என்று வெளியே இருக்கும் எதிரியைத்தான் யோசிப்பார்கள். பெரிய கோழிகளோடு சின்னதுகளையும் சேர்த்து வளர்க்கும் வீட்டில் எதிரி கூண்டுக்குள்ளேயே இருக்கும். தீவனத் தட்டுப் பக்கம் தலை நீட்டினால் மண்டையில் ஒரு கொத்து, தண்ணீருக்குப் போனால் ஒரு கொத்து, பொழுது சாய்ந்து கட்டையில் ஏறினால் கீழே தள்ளிவிடும். அடிபட்ட குஞ்சு மூலையில் ஒடுங்கி, பசியிலேயே இளைத்துப் போகும். இந்தத் தொல்லைக்காக சேலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த கூண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்ட கூண்டு இது.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில். சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழிப் பெட்டைகளும், பெருவிடை என்கிற பெரிய ரகத்தில் ஒன்றும், ஒரு சேவலும் நிற்கின்றன. வருடத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒன்று அடை உட்கார்ந்து குஞ்சு இறக்கிவிடும். தாய் கூடவே இருக்கும்வரை குஞ்சை யாரும் தொட முடியாது. இரண்டு மாதம் போல் ஆனதும் தாயே கொத்திப் பிரித்துவிடும். அன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். பெரிசுகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எபே என்பவர் 1920களின் தொடக்கத்திலேயே இந்தக் கொத்து வரிசையைக் கவனித்து எழுதியிருக்கிறார். பிரிந்து வந்த குஞ்சுகள் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். எங்கள் கறுப்பி அதில் முதல் ஆள். குஞ்சு ஓடினாலும் விடாமல் துரத்திப் போய்க் கொத்துகிற ஜாதி.

கூண்டு ஆறடி நீளம், நாலடி அகலம். நடுவில் கழற்றி மாட்டுகிற மாதிரி வலைத் தடுப்பு, இரண்டு பக்கமும் தனித்தனிக் கதவு. இதுவரை எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். நான் கேட்டு வைக்கச் சொன்னது தடுப்பின் அடியில் ஒரு சின்ன வாசல்: 4 அங்குல அகலம், 5 அங்குல உயரம், மூடித் திறக்க மேலே தூக்கி மாட்டும் தகடு. குஞ்சு நுழையும், பெரிசு நுழையாது. “இவ்வளவு சின்ன ஓட்டை எதுக்குங்கக்கா, கை விட்டு முட்டை எடுக்கவா?” என்று பட்டறைத் தம்பி கேட்டார். விவரம் சொன்னதும் தானாகவே ஓரங்களை மடித்து, கீறாதபடி தேய்த்துக் கொடுத்தார். அந்த ஒரு வேலைக்காகவே அவரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரிந்த குஞ்சுகளை ஒரு பக்கம், பெரிசுகளை மறு பக்கம் விட்டு முதல் இரண்டு வாரம் தகட்டை மூடியே வைத்தேன். பார்க்கலாம், தொட முடியாது. ஆரம்பத்தில் கறுப்பி வலையோரம் வந்து கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். போகப் போகப் பெரிசுகள் குஞ்சுகளைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. அதற்கப்புறம்தான் தகட்டைத் தூக்கினேன். குஞ்சுகள் வெளியே வந்து பெரிசுகளோடு கிளறும், ஒரு கொத்து விழுந்தால் திரும்ப வாசலுக்குள் ஓடிவிடும். கறுப்பி ஒருநாள் துரத்திக்கொண்டே வந்து தலையையும் கழுத்தையும் நுழைத்துவிட்டது. நெஞ்சு மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு சாண் தூரத்தில் குஞ்சு தட்டில் கொத்தித் தின்றுகொண்டிருக்கிறது, இது வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, எட்டவில்லை. பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது, இன்னும் இரண்டொரு தடவை முயன்று பார்த்தது, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

தீவனத்துக்கும் இந்த வாசல் பெரிய உதவி. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே தட்டில் வைத்தால் யார் எதைத் தின்கிறார்கள் என்று காவல் காக்கவா முடியும்? இப்போது குஞ்சுத் தீவனம் வாசலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே எல்லோருக்கும் பொதுவாக வளர்கோழித் தீவனம், முட்டையிடுகிறவற்றுக்குத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள். தேவைப்பட்டது தானே கொத்திக்கொள்ளும்.

இனி குறைகள். இரவு உட்கார வட்டமான இரும்புக் குழாயைப் பொருத்திக் கொடுத்தார்கள். வழுக்குகிறது, வெயிலில் சுடுகிறது. அதைக் கழற்றிவிட்டு வேப்பங்கட்டை போட்டேன். அதுவும் இரண்டு உயரத்தில் போட வேண்டும். ஒரே மட்டத்தில் இருந்தால் தினமும் சாயங்காலம் இடச்சண்டை. கூரைத் தகரம் இன்னொரு தலைவலி. சேலத்து ஏப்ரல், மே வெயிலுக்கு உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடு ஏறினால் கோழிகளுக்கு எரிச்சலும் ஏறும், கொத்தும் கூடும். தென்னங்கீற்றைப் போட்டு மூடிய பிறகுதான் சரியானது. தடுப்பு வலையின் கண் ஒரு அங்குலம். அதற்குள் அலகு தாராளமாகப் போகிறது. வலையை ஒட்டிப் படுத்த ஒரு இளம் பெட்டையின் கொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்து அதே இடத்தைக் கொத்தும், அதனால் உடனே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, ஆறும்வரை தனியே வைத்தேன். கீழிருந்து ஒரு முழ உயரத்துக்கு அரை அங்குலக் கண் வலை கேளுங்கள். அந்தச் செலவைப் பார்க்க வேண்டாம்.

பட்டறையில் “இருபது கோழி தாராளமா நிக்கும்” என்றார்கள். நிற்கலாம், வாழ முடியாது. மொத்தம் 24 சதுர அடி. பகலெல்லாம் வெளியே மேய்கிற கோழி என்றால் எட்டு, மீறினால் பத்து. நாள் முழுக்க அடைத்தே வைப்பதாக இருந்தால் ஆறுக்கு மேல் வேண்டாம். நெரிசலில் எந்தத் தடுப்பும் கொத்தை நிறுத்தாது.

இன்னொரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். சந்தையில் வாங்கி வந்த கோழியை அன்றைக்கே இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடக்கூடாது. வலை கொத்தைத் தடுக்கும், வெள்ளைக்கழிச்சல் மாதிரி தொற்றுநோயைத் தடுக்காது. தள்ளி ஒரு பஞ்சாரத்தில் மூன்று நான்கு வாரம் வைத்து, கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசியும் போட்டு, கழிச்சல், சளி ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, குஞ்சுகள் வளர்ந்த பின்னும் தடுப்புக்கு வேலை இருப்பது. கறுப்பி திரும்ப ஒன்றைக் குறிவைத்துத் துரத்த ஆரம்பித்தபோது, அடிபட்டதை விட்டுவிட்டுக் கறுப்பியைத் தனியே ஒரு பக்கம் நாலைந்து நாள் போட்டேன். கூட்டத்தில் அதன் இடம் மற்றவைக்குப் போய்விட்டது. திரும்ப விட்டபோது தன் இடத்தைப் பிடிப்பதற்கே அதற்குப் பொழுது சரியாக இருந்தது. இப்போதும் கொத்தும், ஒரு கொத்தோடு விட்டுவிடும். அவ்வளவு நடக்கத்தான் செய்யும். கோழிக்கு அது இயல்பு.

விலை 11,500 ரூபாய், வண்டிக்கூலி தனி. கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாதாரணக் கூண்டைவிட அதிகம்தான். எல்லாம் ஒரே வயசுக் கோழி என்றால் இது தேவையே இல்லை, அந்தக் காசில் இடத்தைப் பெரிதாக்குங்கள். வருடா வருடம் குஞ்சு இறக்குகிற வீடென்றால் கட்டாயம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் இருக்கும் என் தங்கைக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். மேலே மழையும் பனிமூட்டமும் அதிகம் என்பதால் பெயிண்ட் அடித்த வலை வேண்டாம், துத்தநாகம் பூசிய வலையாகவே போடச் சொன்னேன். கூரைக்கு நல்ல சரிவு, மூன்று பக்கம் சாரல் மறைக்கப் படுதா, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால். காட்டுப்பூனைக்காகக் கொண்டியில் சின்னப் பூட்டு மாட்ட ஒரு வளையமும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குஞ்சு வாசல் அதே அளவுதான்.