பழைய பெட்ரோல் காருக்கு எந்த கேஸ்? எல்.பி.ஜி., சி.என்.ஜி. வென்சுரி, சி.என்.ஜி. சீக்வென்ஷியல்: ஓர் அலசல்

வேகன்ஆர் 1.1, 2009 மாடல். 15 வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்த கையோடு வந்த கேள்விதான் இது: கேஸுக்கு மாற்றலாமா? மாற்றினால் எந்த கேஸுக்கு, எல்.பி.ஜி.யா, சி.என்.ஜி.யா (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு)?

முதலில் கணக்கு. சென்னை டிராஃபிக்கில் என் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கிறது. ஒரு கிலோ சி.என்.ஜி.யின் எரிசக்தி ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆக, கிலோவுக்கு 19 கி.மீ. எதிர்பார்க்கலாம். பெட்ரோல் 100 ரூபாய், சி.என்.ஜி. 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு சுமார் இரண்டரை ரூபாய் மிச்சம். கிட் (வண்டியை கேஸில் ஓட வைக்கும் பாகங்கள்), சிலிண்டர், ஆர்.டி.ஓ. எல்லாம் சேர்த்து 60,000 ஆகிறது என்றால், போட்ட காசை எடுக்கவே 24,000 கி.மீ. ஓட வேண்டும். தினம் 15 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது நாலு வருடத்துக்கும் மேல், ஆர்.சி.யின் ஆயுளே ஐந்து வருடம்தான். தினம் 65 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஒரே வருடம். தினசரி ஓட்டம் 25 கி.மீ.க்குக் கீழே என்றால் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள், யார் என்ன சொன்னாலும்.

எல்.பி.ஜி.க்கு ஒரு பெரிய வசதி உண்டு. குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும் என்பதால் டேங்க் சிறியது. ஸ்டெப்னி குழிக்குள் அடங்கும் வட்ட டேங்க்கூட உண்டு, டிக்கி தப்பிக்கும். ஆனால் லிட்டருக்கான மைலேஜ் பெட்ரோலைவிட சுமார் இருபது சதவீதம் குறையும். கசிந்தால் காற்றைவிட கனம், தரையோடு தங்கும், சி.என்.ஜி. மேலே கலைந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டு சிலிண்டரை வண்டியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சட்டப்படி குற்றம், அதைவிட உயிருக்கு ஆபத்து.

சி.என்.ஜி.யின் கஷ்டம் அதன் அழுத்தம். 200 பார், அதாவது உங்கள் டயரில் இருப்பதைப் போல சுமார் நூறு மடங்கு. அதைத் தாங்க 60 லிட்டர் இரும்பு சிலிண்டர் வேண்டும். காலியாகவே ஓர் ஆளின் எடை. உள்ளே பிடிப்பதோ எட்டு, ஒன்பது கிலோ கேஸ்தான். டிக்கி போய்விடும், பின் ஸ்பிரிங் உட்காரும். லாரியில் கேஸ்கேட் (பெரிய கேஸ் சிலிண்டர்களின் அடுக்கு) கொண்டுவந்து நிரப்பும் பங்க்குகளில், அது காலியாகும் நேரத்தில் போனால் 200 பார் ஏறாது. பாதி சிலிண்டரோடு திரும்ப வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் சி.என்.ஜி.தான் என்று முடிவெடுத்தால், உண்மையான தேர்வு கிட்டில்தான் இருக்கிறது. வென்சுரி கிட்டில், காற்று நுழையும் திராட்டில் வாயில் ஒரு மிக்ஸர். இன்ஜின் இழுக்கும் காற்றோடு கேஸும் உள்ளே போகும். மேனிஃபோல்டு (காற்று இன்ஜினுக்குள் போகும் குழாய்) முழுக்க எரியக்கூடிய கலவை நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பிளக் சரியாக ஸ்பார்க் அடிக்காவிட்டால் 'டப்' என்று பேக்ஃபயர், அந்தக் கலவை குழாய்க்குள்ளேயே வெடிக்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி விரிந்து கிளிப் தெறித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800க்கு இதுதான் வழி, அதில் கம்ப்யூட்டரே கிடையாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு (கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் விடும் வண்டி) மலிவு என்பதற்காக இதைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சீக்வென்ஷியல் கிட் வேறு மாதிரி. பெட்ரோல் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று வண்டியின் இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்வதை கேஸ் இ.சி.யு. படித்து, ஒவ்வொரு இன்ஜின் சிலிண்டரின் வாசலிலும் தனித்தனியாக கேஸ் விடும். வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, ரெடியூசர் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) சூடான பிறகே கேஸுக்கு மாறும். அழுத்தம் இறங்கும்போது கேஸ் குளிர்ந்து ரெடியூசர் உறையாமலிருக்க, ரேடியேட்டர் கூலண்ட் அதன் வழியே ஓடுகிறது. கூலண்ட் குறைந்தால் ரெடியூசர் மேல் வெள்ளையாகப் பனி படியும். அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள். டேங்கில் எப்போதும் ஐந்து லிட்டர் பெட்ரோலாவது இருக்கட்டும், டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான்.

கிட் வாங்குவதற்கு முன் இன்ஜினின் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். கேஸ் வறண்ட எரிபொருள், தேய்ந்த வால்வு சீட்டை அது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். புது பிளக், புது ஒயர் போட்டு, பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். புகை தள்ளும் இன்ஜினுக்குக் கிட் போடுவது வீண் செலவு.

நான் தினம் 60 கி.மீ. ஓடுகிறவன். சீக்வென்ஷியல் போட்டேன். டெலிவரி எடுக்கும்போது ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அந்த சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்ப்பது) கட்டாயம். ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் சி.என்.ஜி. என்று ஏறும்வரை வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.