96 சுத்தியல் அடி: எழுத்துப் பஞ்ச் செட்டும் ஓர் எவர்சில்வர் தகடும்

பாண்டிச்சேரியில் பாரதி வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் இருக்கிறதா என்று கேட்டேன். முனையில் ஆளுக்கோர் எழுத்து உள்ள இரும்புக் குச்சிகள் அவை, சுத்தியலால் அடித்தால் உலோகத்தில் எழுத்து பதியும். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு சார், திருட்டு வண்டிக்கு சேசிஸ் நம்பர் அடிக்கவா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நான் பதில் சொல்லும்வரை பெட்டியை எடுக்கவில்லை. "வீட்டுச் சாமான்ல பேர் அடிக்கணும்" என்றேன். பாதிப் பொய்.

எவர்சில்வர் தகட்டில் அடிக்க வேண்டியிருந்தது பெயரல்ல, 24 சொற்கள். என் பிட்காயினுக்கான சாவி அவைதான். பிட்காயின் என்பது வங்கி இல்லாமல் இணையத்தில் புழங்கும் டிஜிட்டல் காசு, இனி நான் காசு என்றால் அதுதான். ஹார்டுவேர் வாலட் என்கிற சின்னக் கருவியை முதல்முறை இயக்கும்போது அது அந்தச் சொற்களைக் காட்டும், நாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் சொற்கள் இருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். சொற்கள் வேறு யார் கையிலாவது சிக்கினால் காசு அவருடையது. ரேஷன் கார்டு தொலைந்தால் தாலுகா ஆபீசுக்குப் போகலாம். இதற்குப் போய் நிற்க ஓர் ஆபீசும் கிடையாது.

வாங்கியது: 4 மி.மீ. எழுத்து செட், 680 ரூபாய். எண் செட், 290 ரூபாய். எழுத்து செட்டில் 27 துண்டுகள்: ஆங்கில எழுத்து 26, அப்புறம் 'அண்ட்' குறி ஒன்று. எண் செட்டில் ஒன்பதுதான் இருந்தன. ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக இருந்தேன். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

காகிதம் போதாதா என்று கேட்பவர்களுக்கு, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2011-ல் நான் பாண்டிச்சேரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். அப்போது வீட்டுக் கணினியை ஓயாமல் கணக்குப் போட விட்டாலே பிட்காயின் கிடைக்கும், மைனிங் என்பார்கள். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். அதனால் கணினியைப் பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் நண்பனின் அறையில் வைத்தோம். விளையாட்டுக்காக அவன் வாங்கியிருந்த ரேடியான் 5770 கிராபிக்ஸ் கார்டு இரவெல்லாம் உறுமிக்கொண்டு ஓடும். நாளுக்கு ஒரு காசில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். ஜூன் மாதம் ஒரு காசு 30 டாலர் வரை போனது. நவம்பரில் இரண்டு டாலர் என்று கிடந்தது. கரண்ட் பில்லைப் பார்த்த வீட்டுக்காரர், "அறையில என்னப்பா வெல்டிங் பட்டறையா வச்சிருக்கீங்க?" என்று கேட்ட அன்றோடு நிறுத்திவிட்டோம்.

டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. லாஸ்பேட்டை அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து, சிபியூ இரண்டு நாள் மழையில் ஊறியது. பொங்கலுக்கு முன்னால் அதைக் காயலான் கடையில் 150 ரூபாய்க்குப் போட்டான் நண்பன். எங்கள் இருவர் பங்குக்கான சாவிகளும் அதற்குள் இருந்த வாலட் கோப்பில்தான் இருந்தன. புயல் அடித்த அன்றைக்கு ஒரு காசு சுமார் நான்கு டாலர், நம் பணத்தில் இருநூறு ரூபாய்ச் சொச்சம். அதற்காக ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காயவைத்திருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வேல்ஸில் நியூபோர்ட் ஊர்க்காரர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய், ஏழாயிரத்துக்கும் மேல் காசு மண்ணுக்குள் கிடக்கிற கதையைப் படித்துப் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு பென் டிரைவ். ஆகஸ்ட்டில் எதற்கோ அந்தக் கோப்பை அதில் போட்டு வைத்திருந்தேன். 2013 ஏப்ரலில் ஒரு காசு 200 டாலரைத் தாண்டியது என்று செய்தி பார்த்துவிட்டு வீட்டைக் கவிழ்த்துத் தேடியபோது, பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. இடைப்பட்ட நாளில் அதே பென் டிரைவைக் கொண்டுபோய் புராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்தவன் நான், அதுவும் வைரஸுக்குப் பேர்போன பிரவுசிங் சென்டரில். கோப்புக்குப் பாஸ்வேர்டும் இல்லை. வாலட்டைப் பூட்டும் வசதியே 2011 செப்டம்பரில் வந்த பிட்காயின் மென்பொருளின் 0.4 பதிப்பில்தான் வந்தது, எங்கள் நகல் அதற்கு ஒரு மாதம் முந்தியது. நகலெடுத்த எவனுக்கும் அது திறந்த வீடு.

இன்னொரு கண்டமும் இருந்தது. பிட்காயினில் கொஞ்சம் செலவழித்தால் மீதிச் சில்லறை பழைய முகவரிக்குத் திரும்புவதில்லை, புதிதாக ஒரு முகவரிக்குப் போகும். முகவரி என்பது கணக்கு எண் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. 2010-ல் ஒருவர் தன் 9,000 காசில் ஒன்றே ஒன்றை அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999 போய்ச் சேர்ந்த முகவரியின் சாவி அவர் வைத்திருந்த பழைய நகலில் இல்லை. அவ்வளவுதான், போயிற்று. அப்புறம்தான் மென்பொருளில் நூறு சாவிகளை முன்கூட்டியே செய்து வைக்கும் ஏற்பாடு வந்தது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு நாங்களும் இரண்டு மூன்று முறை விளையாட்டாக அனுப்பிப் பார்த்திருந்தோம். சில்லறை போன முகவரிகளின் சாவிகள் அந்த நூற்றுக்குள் இருந்ததால் பிழைத்தோம். நண்பன் தன் பங்கை அந்த ஆண்டே விற்று பைக் வாங்கினான். என்னிடம் எத்தனை இருக்கிறது என்று எழுதப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். திருடனில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் கொஞ்சம், அரிவாள் பிடிக்கத் தெரிந்தவன் நிறைய.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். 2018-ல் ஹார்டுவேர் வாலட் வாங்கிக் காசை அதற்கு மாற்றி, கூட வந்த அட்டையில் 24 சொற்களை ஜெல் பேனாவால் அழகாக எழுதி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை பெருகி, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தால் 22 சொற்கள் தெரிந்தன. இரண்டு நீல மேகமாகியிருந்தன. நல்லவேளை, கருவி வேலை செய்தது. புதிய சொற்களோடு புது வாலட் உருவாக்கிக் காசை அதற்கு மாற்றிக்கொண்டேன். லேமினேட் செய்திருக்கலாமே என்றார்கள். செய்ய வேண்டுமென்றால் கடைப் பையனிடம் அந்த அட்டையை நீட்ட வேண்டும், அதை நினைத்துப் பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் அது நமக்குத் தெரியாமலே எங்கோ ஒரு சர்வருக்கு ஏறிவிடும்.

"பாத்திரக் கடையில பேர் வெட்டுறவர்கிட்ட குடுத்தா பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாரேடா, ஏன் இப்படிக் கஷ்டப்படுற?" என்றார் அம்மா. கல்யாணச் சீர் பாத்திரத்துக்குச் சரி. அவர் நல்லவர்தான், ஆனால் வெட்டுவதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வெட்டுவார்.

தகடு. வெளிநாட்டில் இதற்கென்றே ஆயத்தமாகத் தகடு விற்கிறார்கள், வரியோடு சேர்த்தால் விலை பல ஆயிரம். நான் காயலான் கடையில் எடைக்கு வாங்கினேன். இரண்டு மி.மீ. கனம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நான்கு துண்டு 240 ரூபாய். அலுமினியம் வேண்டாம். அது 660 டிகிரியில் உருகும், வீடு தீப்பிடித்தால் தாங்காது. எவர்சில்வர் உருக 1,400 டிகிரி வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்கிற நல்ல ரக எவர்சில்வர் என்று கடையில் சத்தியம் செய்வார்கள். நம்ப வேண்டாம், மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாது. நான் நான்கையும் உப்புத்தண்ணீர்த் துணியில் சுற்றி ஒரு மாதம் மொட்டை மாடியில் போட்டேன். ஒன்றில் பழுப்புப் புள்ளி வந்தது, அதைச் சோதனைக்கு ஒதுக்கினேன். வங்கக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு மாதத்தைச் சோம்பல்படாமல் செலவழிக்கலாம்.

அடிப்பது. சொல்லை முழுதாக அடிக்க வேண்டியதில்லை. வாலட் இந்தச் சொற்களை எடுக்கும் பட்டியலில் மொத்தம் 2,048 ஆங்கிலச் சொற்கள், முதல் சொல் அபாண்டன், கடைசிச் சொல் ஜூ. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. எனவே 24 சொல்லுக்கு அதிகபட்சம் 96 எழுத்து. மூன்றெழுத்துச் சொற்களும் உண்டு, என்னுடையதில் எத்தனை என்று சொல்லமாட்டேன். வரிசை எண்களுக்கு இன்னொரு 39 அடி. வரிசை முக்கியம், மாறினால் திறக்காது. ஜப்பானியம், கொரியம், செக் மொழிக்கெல்லாம் இந்தத் தரத்தில் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. ஒருவிதத்தில் நிம்மதி, 247 பஞ்ச் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

முதல் அடியைத் தரையில் வைத்து அடித்தேன். டைல்ஸில் விரிசல் விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் ஆட்டுக்கல்லின் மேல் தடித்த இரும்புத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் தகட்டை வைத்து அடித்தேன், சரியாக வந்தது. ஒரு கிலோ சுத்தியல் வேண்டும், ஆணி அடிக்கிற சுத்தியல் ஆகாது. நேர்கோடு வர இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் விளிம்பில் பஞ்ச்சை நிறுத்தினேன். ஓங்கி ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்கு நிழல் விழும். ஐ, எல் எழுத்துகள் சுலபமாக இறங்கும். எம்மும் டபிள்யூவும் மொண்டி பிடிக்கும், கோடு அதிகம் என்பதால் பலம் பிரிந்துபோகிறது. ஓ, டி, க்யூ மூன்றையும் பிறகு விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இந்த செட்டின் மீது என் பெரிய புகார், முனையின் உறுதி. பெட்டியில் 'ஹார்டன்டு' என்று போட்டிருக்கிறது. சாதா இரும்புக்கு அது போதும், எவர்சில்வருக்குத் திணறுகிறது. நாற்பது அடிக்குள் 'ஈ' எழுத்தின் நடுக்கோடு மழுங்கிவிட்டது. க்யூவின் வால் உடைந்தே போனது. (அது உடைந்தது பொய்ச் சொற்கள் அடித்த சோதனைத் தகட்டில். என் சொற்களில் க்யூ உண்டா என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.) இரண்டு தகடு அடித்ததும் செட் பாதி ஓய்ந்துவிட்டது. அதற்கு மேல் அடிப்பதாக இருந்தால் விலை கூடின செட்டாகப் பாருங்கள்.

சத்தமும் உண்டு. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம். எதிர்வீட்டுத் தாத்தா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, புதுசா பட்டறையா?" என்றார். பதினைந்து வருஷத்தில் இரண்டாவது முறையாக அதே கேள்வி.

மொத்தச் செலவு 1,210 ரூபாய். டைல்ஸ் தனி. கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாளை காசை விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஏப்ரலில் இருந்து அதுதான் சட்டம். வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம், வேறு எந்தச் செலவும் கழியாது. பஞ்ச், தகடு, லாஸ்பேட்டை கரண்ட் பில் எல்லாம் நம் கைக்காசு. 2011 கடைசி விலையில் யோசித்தால் 1,210 ரூபாய் என்பது ஐந்தாறு காசின் மதிப்பு, பைத்தியக்காரச் செலவு. அன்று யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஒரு காசு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது 2024 டிசம்பரில், என் பீரோ ஈரம் காய்ந்துகொண்டிருந்த அதே வாரத்தில்.

தகடு இரண்டு. ஒன்று கடலூரில் இருக்கிறது. இன்னொன்று கடலூரில் இல்லை, ஒரே புயலில் இரண்டும் போகக் கூடாது. மனைவியிடம் காட்டியபோது, "சரிங்க, நீங்க இல்லாட்டி இத எடுத்துக்கிட்டு நான் யார்கிட்ட போறது?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பஞ்ச் செட்டில் பதில் இல்லை. இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரி: உதவி செய்கிறேன் என்று தானாக வருபவனிடம் காட்டாதே. காலியான பழைய கருவியில் சோதனைச் சொற்களை அவளையே போடச் சொல்லி ஒருமுறை திறக்கவும் வைத்தேன். இருபது நிமிடத்தில் திறந்துவிட்டாள், எனக்கு முதல்முறை ஒரு மணி நேரம் ஆனது.

செட்டுக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். காயலான் கடைத் தகட்டுக்கு நான்கரை.

பாத்திரத்துக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "அவ்ளோ அடிச்சியே, என் அரிசி அண்டாவுலயும் பேர் அடிச்சுக் குடு" என்று அம்மா கேட்டார். அண்டாத் தகடு அரை மி.மீ.கூட இருக்காது. மூன்றாவது எழுத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறேன், அரிசி சிந்தவில்லை.