ஆலிஸா, ஸ்கிராட்ச்சா: ஓர் உருவத்தை நடக்க வைத்துப் பார்ப்போம்

நிரலாக்கத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு எதைக் கையில் கொடுப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆலிஸ், ஸ்கிராட்ச் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களின் பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. இரண்டிலும் கட்டளைகளை இழுத்து வந்து பொருத்தினால் போதும் என்பதால், நிரலைத் தட்டச்சு செய்யும்போது விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடி மாணவர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. இந்த ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணுவது சரியன்று. ஓர் உருவத்தை நடக்க வைக்கும் எளிய வேலையை இரண்டிலும் செய்து பார்த்தாலே வேறுபாடு விளங்கும்.

மிட்சல் ரெஸ்னிக்கின் குழு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் ஆய்வகத்தில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், இருபரிமாண மேடை ஒன்றைத் தருகிறது. அதன் அகலம் 480 அலகு, உயரம் 360 அலகு, நடுப்புள்ளி சுழியம். மேடையில் நிற்கும் பூனைக்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. பத்து அடி நகர்ந்து அடுத்த தோற்றத்துக்கு மாறு என்ற கட்டளைகளை முடிவில்லாச் சுழலுக்குள் வைத்தால் கால்கள் படபடவென்று துடிக்கின்றனவே தவிர, நடை வருவதில்லை. இடையில் 0.1 நொடி காத்திரு என்று சேர்த்த உடனே பூனை நடக்கிறது. அசையாத படங்களை உரிய இடைவெளியில் மாற்றுவதே அசைவூட்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் வேறொரு பயிற்சியை நான் கண்டதில்லை. மேடையின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பும் பூனை தலைகீழாகிவிடும்போது, சுழலும் முறையை இடம்-வலம் என்று மாற்ற வேண்டும் என்பதை மாணவர் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்கிறார்.

ராண்டி பாஷ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த ஆலிஸில் படங்களை மாற்றும் வேலை இல்லை. அங்கே இருப்பது முப்பரிமாண உலகம். ஆலிஸ் 3இன் மனித உருவங்களுக்கு இடுப்பு, முழங்கால், தோள் என்று தனித்தனி மூட்டுகள் உண்டு. இடக்காலை முன்னே வீசி, வலக்காலைப் பின்னே தள்ளி, உடலை ஒரு மீட்டர் முன்னகர்த்தும் கட்டளைகளை வரிசையாக அடுக்கினால், முதலில் ஒரு கால் தூக்கப்பட்டு அந்தரத்தில் நிற்க, மற்றது அதன்பின் அசைய, கடைசியில் உடல் தரையில் சறுக்கிச் செல்லும். அவற்றை ‘ஒருங்கே செய்’ என்ற கட்டத்துக்குள் போட்டால்தான் நடை பிறக்கும். அடுத்தடுத்து நிகழ்வதற்கும் ஒரே நேரத்தில் நிகழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்கிராட்ச்சிலும் செய்துகாட்டலாம் என்றாலும், அதற்குத் தனித்தனி நிரல்களை பச்சைக்கொடி என்னும் ஒரே தொடக்கப் பொத்தானின்கீழ் இயக்க வேண்டும். ஆலிஸிலோ அது கண்ணெதிரே ஒரே பெட்டியில் இருக்கிறது. இடப்பக்கம் என்பதுகூட அங்கே பார்ப்பவரின் இடப்பக்கம் அன்று, அந்த உருவத்தின் இடப்பக்கம். பொருளின் இடத்தில் தம்மை வைத்து எண்ணிப்பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆலிஸின் பெருமதிப்பு அதற்கடுத்த படியில் வெளிப்படுகிறது. நடப்பதற்கான செயல்முறையை இருகாலி என்னும் வகுப்பில், அதாவது இரண்டு கால் உருவங்களுக்கெல்லாம் பொதுவான வார்ப்பில், எழுதிவிட்டால், அந்த வகுப்பைச் சேர்ந்த அனைத்து உருவங்களும் நடக்கக் கற்றுவிடும். ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். ஸ்கிராட்ச்சில் பூனையின் நிரலை நாய்க்கு நகலெடுத்துக் கொடுத்தபின் பிழை தெரியவந்தால், இரண்டையும் தனித்தனியே திருத்த வேண்டும். மாணவர் தாமாக அமைக்கும் கட்டளை விடை எதையும் திருப்பித் தருவதில்லை என்பதும் அங்கே ஒரு குறை; ஆலிஸில் அதற்கெனச் சார்புகள் என்னும் விடை தரும் கட்டளைகள் உள்ளன. எழுதியதை ஜாவா என்னும் நிரல்மொழியில் காட்டும் வசதியும் இருப்பதால், கல்லூரிப் பாடத்தில் அடுத்து ஜாவா வரும்போது வகுப்பு, பொருள் போன்ற சொற்கள் மாணவருக்குப் புதியனவாக இரா.

ஆனால் ஆலிஸைக் கணினியில் நிறுவ வேண்டும். பழைய கணினியில் அது தடுமாறும். ஸ்கிராட்ச் உலாவியிலேயே திறக்கிறது. பிறர் செய்த படைப்பின் உள்ளே புகுந்து பார்க்கவும், அதை மாற்றித் தமதாக வெளியிடவும் இடம் தருகிறது. தனியாகக் கற்கும் குழந்தைக்கு இந்த வசதி ஓர் ஆசிரியருக்கு நிகர் என்றே நான் கருதுகிறேன்.

எனவே எட்டு, ஒன்பது வயதில் தொடங்குபவருக்கு நான் ஸ்கிராட்ச்சையே கொடுப்பேன். மேல்நிலைப் பள்ளி மாணவருக்கோ, முதலாண்டுக் கல்லூரி மாணவருக்கோ ஆலிஸைத் திறந்துவைத்து, பயிற்சிக்கு ஒன்றுக்கு இரண்டு உருவங்களைக் கொடுப்பேன். முதல் உருவத்துக்கு எழுதிய நடையை இரண்டாவதற்கும் எழுத உட்காரும்போதுதான் வகுப்பு எதற்கு என்ற கேள்வி அவரிடமிருந்தே எழும்.