டிராக்டருக்கு மேற்கூண்டு செய்யக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்

காட்டுக்குள் மரம் இழுக்க டிராக்டர் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். காய்ந்த கிளை எப்போது முறிந்து தலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒரு வெல்டிங் பட்டறையில் மேற்கூண்டு செய்யக் கொடுத்தேன். 6 மி.மீ. கனமுள்ள சதுர பைப், நான்கு தூண், கம்பெனி பொருத்திய ரோல் பாரில் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) கை வைக்கவே கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்து, முழுப் பணமும் கட்டினேன்.

கூண்டு பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தி வைத்திருந்த வண்டிமேல் ஒரு காய்ந்த கிளை விழுந்ததும் கூரை சீட் வரைக்கும் அமுங்கிவிட்டது. நல்லவேளை, சீட்டில் யாரும் இல்லை. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பார்த்தால் வெல்டிங் பாதிதான், மீதி இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். பைப்பில் துளை போட்டு அளந்தேன்: 2 மி.மீ.

இதைவிடக் கொடுமை, பின் தூண்கள் இரண்டையும் ரோல் பாரிலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். வண்டி கவிழும்போது ஓரளவு வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது ரோல் பார். சட்டம், போல்ட், பொருத்தும் இடம் எல்லாம் சேர்த்துத்தான் அதைச் சோதிக்கிறார்கள். அதில் துளை போட்டாலோ, வெட்டினாலோ, வெல்டிங் வைத்தாலோ அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆக, கிளைக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, கவிழ்வதற்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டது. இந்த நிலையில் சீட் பெல்ட்டும் ஆபத்து. வண்டி கவிழ்ந்து சட்டம் நொறுங்கினால் பெல்ட் ஆளை அடியிலேயே பிடித்து வைத்துவிடும்.

"அவ்வளவு பெரிய கிளை விழுந்தால் எதுதான் தாங்கும்?" என்றார் பட்டறைக்காரர். தாங்கும்படி செய்ய முடியும். மண் அள்ளும் இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3449 தரத்தில் முதல் நிலைக்கே 1,365 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 45 கிலோ கட்டை சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. இரண்டாம் நிலைக்கு 11,600 ஜூல். காட்டு வேலை இயந்திரங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8083 என்று தனித் தரமும் இருக்கிறது. "டன் கணக்கில் தாங்கும்" என்று யாராவது சொன்னால், எந்தத் தரத்தில் எங்கே சோதித்தீர்கள் என்று கேளுங்கள். கூரைமேல் ஏறி நின்று காட்டுவது சோதனை ஆகாது. மெதுவாக ஏற்றும் பாரம் வேறு, மேலிருந்து விழும் அடி வேறு.

உங்கள் மாடலுக்கென்று சோதித்த சட்டம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அப்புறம், எதைச் செய்யக் கொடுத்தாலும் பைப் முனையை மூடும் முன் கனத்தை அளந்து, ஒவ்வொரு வெல்டிங்கையும் பெயின்ட் இல்லாமல் படம் எடுத்து வையுங்கள். வெல்டிங் வேலை வண்டியில் நடந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். எழுதிய தாளையும் படங்களையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். புது ரோல் பார் மாட்டும்வரை இந்த வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்கப்போவதில்லை.