கேட் பிஷப்பா, ஜெசிகா ஜோன்ஸா?

வேலூரில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் பள்ளி மாணவிகளுக்கு முதல் துப்பறியும் காமிக்ஸாக எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், 2016இல் தொடங்கி 16 இதழ்கள் வந்த கெல்லி தாம்சன் எழுதிய ‘ஹாக்ஐ’ தொடரையே தயங்காமல் சொல்வேன். அபூர்வ ஆற்றல் ஏதுமின்றி, வில்லையும் கூர்ந்த பார்வையையும் நம்பி லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரையில் துப்பறியும் அலுவலகம் திறக்கும் கேட் பிஷப், ஓர் இடத்தில் எதையெல்லாம் கவனிக்கிறாள் என்பதை லியோனார்டோ ரொமேரோவின் ஓவியமே எடுத்துக்காட்டுவதால், வாசகியும் அவளுடன் சேர்ந்து துப்புத் துலக்கப் பழகுகிறாள். 2001இல் தொடங்கிய ‘ஏலியாஸ்’ தொடரின் துப்பறிவாளரான ஜெசிகா ஜோன்ஸ் அபாரமான உடல்வலிமை கொண்டவள்; எழுத்தில் அவளுடைய தொடரே இன்னும் ஆழமானது என்பது என் கருத்து. ஆனால் பெரியவர்களுக்கென்றே மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் தொடங்கிய மேக்ஸ் வரிசையில் வெளியான அத்தொடர், மனக்காயத்தையும் குடியையும் மறைக்காமல் காட்டுவதால், காட்பாடியில் கல்லூரிக்குப் போகும் அக்காக்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.