விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தர்ற சர்வீஸ்: 35,000 ரூபா செலவு, 19 நாள் ஆயுசு

ஒரு ஸ்டார் குடுத்திருக்கேன், ஜீரோ குடுக்க வழி இல்லாததால. கம்பெனி பேரு போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு சித்தப்பா பயப்படுறாரு, பேரு போட்டும் பிரயோஜனம் இல்ல, இந்த மாதிரி ஆளுங்க அடுத்த மாசமே வேற போர்டு மாட்டிக்கிட்டு வந்துருவாங்க.

சித்தப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு. ஆறு கவிதைப் புக்கு போட்டிருக்காரு, ஆறும் பென்ஷன் காசுல. ஒரு லெட்டர்பேடு அமைப்பு குடுத்த 'கவிச்சுடர்' பட்டம் வேற இருக்கு, அதுக்கும் 5,000 கட்டினாருன்னு சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். இவருக்கு ஒருநாள் போன் வந்திருக்கு, சார் உங்களுக்கு இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல பக்கம் இல்லியா, ஆச்சரியமா இருக்கேன்னு. அவ்வளவுதான், மனுஷன் விழுந்துட்டாரு.

முதல்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, ஓசியா. அதுல பைக் மீட்டர் மாதிரி ஒரு படம், முள்ளு பச்சைக் கோட்டுல நிக்குது, கீழ 'உங்கள் நோட்டபிலிட்டி ஸ்கோர் 87/100'. நோட்டபிலிட்டின்னா, தனிப் பக்கம் போடுற அளவுக்கு ஒருத்தர் குறிப்பிடத்தக்கவரான்னு விக்கிப்பீடியாவுல பாக்கிறது. சித்தப்பா அதைக் கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி டிவி மேல வச்சிட்டாரு. அப்படி ஒரு ஸ்கோரே கிடையாதுங்க. விக்கிப்பீடியாவுல யாரும் யாருக்கும் மார்க் போடுறதில்ல. யாராவது ஸ்கோர்னு ஆரம்பிச்சா அங்கயே போனை வச்சிருங்க.

பேக்கேஜ் 35,000. முன்பணம் 20,000, பக்கம் வந்ததும் 15,000. அதுக்கு நாலு வெப்சைட்டுல அவரைப் பத்தி 'செய்தி' போட்டாங்க. நாலுலயும் ஒரே மேட்டர், 'கவிஞ்ஞர்'னு ஒரே எழுத்துப்பிழை. தமிழ் வாத்தியாரே அதைக் கவனிக்கல, சந்தோஷம் கண்ணை மறைச்சிருச்சு. பக்கமும் வந்துச்சு, சொந்தக்காரங்க குரூப்புல லிங்க் போட்டாரு, நானும் கை தட்டுற எமோஜி போட்டேன், பொய் சொல்லல.

12ஆம் நாள் சித்தப்பா பக்கத்தோட உச்சியில நீக்கலாமான்னு கேட்டு ஒரு பெட்டி வந்துச்சு. அங்க வழக்கமா 7 நாள் விவாதம் நடக்கும், யாரு வேணா போயி படிக்கலாம். 19ஆம் நாள் பக்கம் காலி. நான் அந்த விவாதத்தை முழுசா படிச்சேன், கோவமாத்தான் ஆரம்பிச்சேன், முடிக்கிறப்போ கோவம் கம்பெனி மேல திரும்பிருச்சு. எழுதினது நாலே பேரு. ஒருத்தரு அந்த நாலு செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இது காசு குடுத்துப் போட்டதுன்னு காட்டிட்டாரு. இன்னொருத்தரு, பேப்பர்ல வந்ததுன்னு குடுத்த ஒரே கட்டிங் ரத்ததான முகாம் செய்தி, அதுல வந்திருந்தவங்க லிஸ்ட்டுல பதினொண்ணாவது பேரு இவருன்னு சொல்லிட்டாரு. அது உண்மைதான், எனக்கே தெரியும், அந்தப் பேப்பரை எடுத்து வச்சதே நான்தான். கவிதை நல்லாருக்கா இல்லியான்னு ஒருத்தர் கூட பேசல.

இதுதான் பல பேருக்குப் புரியாத இடம். பெரிய மனுஷனா, நல்லவனா, திறமைசாலியான்னு அங்க பாக்கிறதில்ல. சம்பந்தமே இல்லாத மூணாம் மனுஷங்க, நம்பகமான இடத்துல, உங்களைப் பத்தி விலாவாரியா எழுதியிருக்காங்களா, அவ்வளவுதான் கேள்வி. நம்ம புக்கு, நம்ம பேட்டி, நம்ம பிள்ளை எழுதின பாராட்டு எதுவும் கணக்குல வராது. கை தூக்கி ஓட்டு எண்ணுறதும் இல்ல, யாரு சொல்றதுல நியாயம் இருக்குன்னு பாத்துத்தான் நிர்வாகி முடிவு பண்ணுவாரு, அதனால சித்தப்பாவோட பழைய ஸ்டூடன்ட்ஸ் முப்பது பேரு கணக்கு ஆரம்பிச்சு வந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது. தமிழ் விக்கிப்பீடியாவுலயும் 'குறிப்பிடத்தக்கமை'ன்னு இதே சங்கதி இருக்கு.

அதுக்காக அந்த விதி ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரல. டோனா ஸ்டிரிக்லன்ட் கதை தெரியும்ல? கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி லேசர் விஞ்ஞானி. 2018 மே மாசம் அவங்களைப் பத்தி இங்கிலீஷ் விக்கிக்கு ஒருத்தர் எழுதின வரைவை, குடுத்த ஆதாரம் பத்தாதுன்னு திருப்பி விட்டாங்க. அக்டோபர் 2ஆம் தேதி ஃபிசிக்ஸ் நோபல்! 1903ல மேரி க்யூரி, 1963ல மரியா கோப்பர்ட் மேயர், அதுக்கப்புறம் மூணாவது பொம்பளை இவங்கதான். அன்னிக்குத்தான் அவசர அவசரமா பக்கம் வந்துச்சு, ஆனா கூடப் பரிசு வாங்கின அவங்க கைடு ஜெரார் மூரூவுக்கு முன்னாடியே பக்கம் இருந்துச்சு. இத்தனைக்கும் அந்தம்மா 2013லயே அமெரிக்க ஆப்டிக்கல் சொசைட்டிக்குத் தலைவரா இருந்தவங்க, ஆராய்ச்சியாளர்களுக்குன்னு தனியா இருக்கிற விதிப்படி அதுவே போதும். விதி கையில இருந்தும் பாத்த ஆளு கோட்டை விட்டுட்டாரு. ஊர் உலகம் யாரைப் பத்தி எழுதாம விட்டுச்சோ அவங்களை விக்கியும் விட்டுரும், இங்கிலீஷ் விக்கியில ஆளுங்களைப் பத்தின பக்கங்கள்ல அஞ்சுல ஒண்ணுதான் பொம்பளைங்களுது. எங்க ஊரு மருத்துவச்சிப் பாட்டி பாதி ஊருக்குப் பிரசவம் பாத்தவங்க, அவங்களைப் பத்தி எழுத்துல ஒரு வரி கிடையாது. 2011ல கேரளாவுலயும் வட இந்தியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் வாய்மொழியா சொல்றதைப் பதிவு பண்ணி ஆதாரமா வைக்கலாமான்னு ஒரு முயற்சி நடந்துச்சு, நல்ல யோசனைதான், ஆனா இங்கிலீஷ் விக்கியில அது விதியா மாறல.

சரி, கம்பெனிக்கு வருவோம். பக்கம் போன மறுநாளே போன்: சார் 12,000 குடுத்தா ரெஸ்டோர் பண்ணிடலாம், மாசாமாசம் மெயின்டனன்ஸ் தனி. இந்த வித்தை புதுசு இல்ல. 2015ல இங்கிலீஷ் விக்கியில ஒரு கூட்டத்தைப் பிடிச்சு 381 கைப்பாவைக் கணக்கை, அதாவது வேற வேற ஆளு மாதிரி காட்டிக்கிட்டு ஒரே கூட்டம் நடத்துற பொய்க் கணக்கை, முடக்கினாங்க, அவங்க வேலையே வரைவு ரிஜெக்ட் ஆன ஆளா தேடிப் போயி காசு கேக்கிறது, அப்புறம் பக்கத்தைக் காப்பாத்துறேன்னு மறுபடி காசு. காசு வாங்கிட்டு எழுதினா அதை வெளிப்படையா சொல்லணும்னு 2014லயே விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியா அமைப்பு விதி போட்டிருச்சு. இந்தக் கம்பெனி ஆளு சொல்லல, நான் பாக்கிறப்போ சித்தப்பா பக்கத்தை எழுதின கணக்கையே முடக்கியிருந்தாங்க.

சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சொல்ல அரைநாள் ஆச்சு. "அப்போ நான் ஒண்ணுமில்லாத ஆளாடா?"ன்னு கேட்டாரு பாருங்க, அதுக்குத்தான் இந்த ஒரு ஸ்டாரும் அதிகம். அப்படி இல்ல சித்தப்பா, உங்களைப் பத்தி வெளியாளு யாரும் இன்னும் எழுதலன்னுதான் அர்த்தம்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், பக்கம் இருந்திருந்தா அதுல யாரு வேணா கை வைக்கலாமான்னு கேட்டாரு. ஆமா, ஆதாரத்தோட எழுதினா நல்லதும் வரும் கெட்டதும் வரும், நம்ம இஷ்டத்துக்கு அழிக்க முடியாதுன்னேன். "அப்போ இந்த கவிச்சுடர் மேட்டரு?"ன்னாரு. அதுவும் வரலாம்னேன். சித்தி அடுப்பங்கரையில இருந்து சிரிச்சது ஹால் வரைக்கும் கேட்டுச்சு.

ரெண்டாவது தவணை 15,000 பக்கம் வந்த அன்னிக்கே கட்டிட்டாரு, அதையாவது திருப்பிக் குடுங்கன்னு மூணு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல. வந்தா இங்கயே அப்டேட் பண்றேன். லேமினேட் இன்னும் டிவி மேலதான் இருக்கு, இப்போ திருப்பி வச்சிருக்காரு.